இடது கையின் இரண்டு விரல்கள்

சிங்காரவேலு கோல்ஃப் மட்டையின் இரும்புத் தலையை மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நீலத் தீயில் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தார். தலையும் கம்பும் சேருகிற கழுத்தில் பழைய பசை இளகினால்தான் தலை கழன்று வரும்; சுரண்டிவிட்டுப் புதுப் பசை வைத்துப் பொருத்தலாம். வலது கையில் கம்பு. இடது கையால் கழுத்தை ஈரத் துணி சுற்றித் தாங்கியிருந்தார். துணி நழுவி, சுண்டுவிரலும் மோதிர விரலும் வெறும் இரும்பில் படிந்திருந்தன. அவர் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் அவர்கள் சமையலறைக்குள் அப்போதுதான் நுழைந்தேன். அவருடைய மனைவி தமயந்தி மூக்கைச் சுளித்து, ஏதோ கருகுகிறதே என்றாள். பசைதான் என்றார் அவர். தோல் கருகினால் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். ஸ்டவ்வை அணைத்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு விரல்களிலும் வெள்ளையாகத் தோல் உப்பியிருந்தது. அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எப்ப பட்டுச்சு?" என்று கேட்டார்.

இது 1979, மாசி மாதக் கடைசி.

சிங்காரவேலு சாத்தான்குளம் பக்கத்துக்காரர். டிப்ளமா முடித்து நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் சூப்பர்வைசராகச் சேர்ந்து, படிப்படியாக உதவிப் பொறியாளர் ஆனவர். எங்கள் குவார்ட்டர்ஸும் அவர்கள் குவார்ட்டர்ஸும் அடுத்தடுத்து. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதற்கு முன் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவள். நைட் டியூட்டி முடிந்து நான் வரும் நேரத்தில், அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கூடையை வைத்து அதற்குள் பந்தை விழவைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு நாளும் அதே கூடை, அதே தூரம். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும்.

டவுன்ஷிப்பின் ஓரத்தில் முந்திரி மரங்களை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் சமப்படுத்தி ஒன்பது குழி வெட்டி, அதிகாரிகள் சிலர் கோல்ஃப் ஆடிவந்தார்கள். அந்த வெயிலுக்குப் புல் நிற்காது. குழியைச் சுற்றி வட்டமாக மணல் பரப்பி, ஒர்க்‌ஷாப் கழிவு எண்ணெயை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அதைப் பிரவுன் என்பார்கள். ஆடி முடித்துப் போகிறவர்களின் கால்தடத்தைக் கொளஞ்சிநாதன் என்ற காண்ட்ராக்ட் தொழிலாளி ஈரச் சாக்கை இழுத்து அழிப்பார். அந்த எண்ணெய்க் கறை சிங்காரவேலுவின் பேன்ட் காலில் ஏறிவிடும். எந்த சோப்புக்கும் போகாது என்று தமயந்தி புலம்பாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அவர் அங்கே முதலில் போனது தண்ணீர் பம்பைச் சரிபார்க்க. வேலை முடிந்ததும் யாரோ விளையாட்டாக ஒரு மட்டையைக் கையில் கொடுத்தார்கள். அடித்த முதல் பந்தே மரங்களுக்கு மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு பல மாதம் அப்படி ஒரு அடி அவருக்கு விழவில்லை. ஆனாலும் அதைத் தேடியே தினமும் போனார். மெம்பரும் ஆனார். மெம்பரான பிறகும், ஆட்டத்துக்கு நடுவில், "சிங்காரம், பம்பு சத்தம் மாறுதே, என்னன்னு பாருங்க" என்பார்கள். மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஹாண்டிகேப் என்று ஒரு எண் உண்டு. தேர்ந்தவர் எழுபத்திரண்டு அடியில் முடிக்கிற ஆட்டத்தை நீங்கள் வழக்கமாகத் தொண்ணூறில் முடித்தால் உங்கள் எண் பதினெட்டு. ஆட்டம் தேறத் தேற எண் இறங்கும். கூட ஆடுகிறவர் கையெழுத்துப் போட்ட கார்டுகளைப் பார்த்து மாதக் கடைசியில் கிளப்பில் பலகையில் எழுதுவார்கள். சிங்காரவேலு பல வருஷம் பதினெட்டிலேயே நின்றிருந்தார். ஒருநாள், போன ஆட்டங்களின் அடிகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தபோது அவருக்கு விஷயம் பிடிபட்டது. தூரத்திலிருந்து அடிப்பதில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. குழிக்குக் கிட்டே வந்த பிறகுதான் இரண்டு அடியில் முடிப்பதை நான்கு அடியில் முடிக்கிறார். அன்றைக்கு வந்ததுதான் அந்த மூங்கில் கூடை. பெரிய மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டார். பந்து முந்திரிக்குள் போனால் கிளைச் சந்தில் வீரம் காட்டாமல், ஒரு அடி நஷ்டப்பட்டுப் பக்கவாட்டில் வெளியே தட்டக் கற்றுக்கொண்டார்.

எண்ணுவதில் மட்டும் அவரை அசைக்க முடியாது. ஒருமுறை சருகுக்குள் கிடந்த பந்து அவர் மட்டையை வைத்தபோது அரை உருட்டு உருண்டதாம். யாரும் பார்க்கவில்லை. அவரே ஒரு அடி கூட்டிக்கொண்டார். அவருடைய ஜோடி சோமசுந்தரம், கணக்குப் பிரிவு அதிகாரி. கிளப்பில் கார்டுகளைச் சரிபார்ப்பதும் அவர்தான். "நாள் முழுக்க நான் ஆபீஸ்ல பண்றதை நீ இங்க வந்து பண்றே. இது விளையாட்டா, ஆடிட்டா?" என்றாராம்.

ஒரு குறை மட்டும் போகவில்லை. மட்டையை இறுக்கிப் பிடிப்பார். சுரங்கத்தில் ஸ்பானர் பிடித்த கை. கிட்டத்து அடிக்குப் பிடி இளக வேண்டும்; அவருக்கு இளகாது. "அது என்ன கோழியா, கழுத்தைத் திருகுறே?" என்று சோமசுந்தரம் வாராவாரம் கேட்பார்.

அந்தத் தையில் பிடி இளகியது. பந்து கூடைக்குள் பூப்போல விழ ஆரம்பித்தது. எண் பதினாறு ஆகி, பதினாலுக்கு வந்தது. கோழி பிழைத்துக்கொண்டது என்று சோமசுந்தரம் கிளப் முழுக்கச் சொன்னார். சிங்காரவேலு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடமே சொல்லியிருக்கிறார், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் கை சொன்னபடி கேட்கிறது என்று. அப்படிச் சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மே மாதக் கடைசியில் ஊட்டியில் கிளப்புகளுக்கு இடையே போட்டி. எங்கள் ஊரிலிருந்து நாலு பேர் போகலாம். பன்னிரண்டோ அதற்குக் கீழோ இருந்தால்தான் பெயர் கொடுக்க முடியும். நிஜமான புல்தரையில் பந்தை உருட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பம்புக்காரராக இல்லாமல் ஆட்டக்காரராக ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த நிலையில்தான் ஸ்டவ்வில் விரல் வெந்தது.

கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் நான் தொடும் இடத்தை மற்றக் கையால் காட்டச் சொன்னேன். கட்டைவிரலைக் காட்டினார். ஆள்காட்டி விரலைக் காட்டினார். பிறகு சும்மா இருந்தார்.

"ஆரம்பிங்க சிஸ்டர்."

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

கண்ணைத் திறந்து பார்த்தார். பஞ்சு அவர் சுண்டுவிரல்மேல் இருந்தது.

காலண்டர் தாளை மடித்து அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளச் சொன்னேன். நான் இழுத்ததும் தடையில்லாமல் வந்துவிட்டது. முழங்கையின் உள்பக்கம் தடவினால் நரம்பு கயிறுபோலத் தடித்துக் கிடந்தது. சட்டைக் கையை மேலே ஏற்றினேன். புஜத்துக்குக் கீழே வெளிறிய ஒரு படை. தேமல் என்று நினைத்து மந்தாரக்குப்பத்தில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு வராது. தொழுநோய் என்றேன். மாத்திரையில் கட்டுப்படும், வீட்டில் யாருக்கும் தொற்றாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் முழங்கை நரம்பு வீங்கியிருக்கிறது, அதற்கு உடனே ஓய்வு கொடுக்காவிட்டால் அந்த விரல்கள் போய்விடும் என்றேன். தமயந்தி போய் வாசல் கதவைச் சாத்தினாள். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"தை மாசத்துலேருந்து பிடி லேசாச்சே சிஸ்டர். அது நான் பழகினதா, இல்ல இதுவா?"

"எனக்குக் கோல்ஃப் தெரியாது சார்."

"கை தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ சொல்லுங்க."

"இதுவா இருக்கலாம்" என்றேன். அந்த விரல்களில் பலம் குறைந்தால் பிடி தானே தளரும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவர் குனிந்து, கீழே கிடந்த மட்டையை அதன் தலையில் பிடித்து எடுத்தார். இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். நான் வாங்கி அப்பால் வைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவரும் அதையேதான் சொன்னார். நோய்க்கு மாத்திரை, நரம்பு வீக்கத்துக்கு மாத்திரை, முழங்கை மடங்காமல் கட்டை வைத்துக் கட்டு. ஆறு வாரம் அந்தக் கையால் ஒரு வேலையும் கூடாது; வீக்கம் வடிந்தால் உணர்ச்சி திரும்ப வாய்ப்பு உண்டு. அன்று சாயந்திரம் போய்ப் பார்த்தேன். அவருடைய தட்டும் டம்ளரும் தனியாக ஜன்னலில் இருந்தன. எடுத்துக் கழுவி மற்றப் பாத்திரங்களோடு கவிழ்த்தேன்.

"யாருக்கும் தெரிஞ்சிடக் கூடாதுக்கா" என்றாள் தமயந்தி.

"தட்டைத் தனியா வச்சா எல்லாருக்கும் தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் அப்படிச் செய்யவில்லை.

சிங்காரவேலு மாத்திரைகளை ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். கையில் சுளுக்கு என்று ஆபீஸில் சொல்லிக் கட்டையும் கட்டிக்கொண்டார். ஆனால் ஊட்டி முடியட்டும், அப்புறம் ஆறு வாரம் என்ன, ஆறு மாசம் கட்டிக்கொள்கிறேன் என்றார். நரம்பு அதுவரைக்கும் காத்திருக்காது என்றேன்.

"ஓய்வு கொடுத்தா விரல் திரும்பிடுமா?"

"திரும்பலாம்."

"திரும்பும்னு சொல்ல மாட்டேங்கறீங்களே."

"சொல்ல மாட்டேன் சார்."

"ரெண்டே அடிதான் சிஸ்டர் பாக்கி. அதுவும் இந்த வியாதி கொடுத்ததா, நான் சம்பாதிச்சதான்னு எனக்குத் தெரியணும்."

ஒரு மனிதருடைய கையைப் பிடித்துக் கட்டிலில் கட்டி வைக்க நர்ஸுக்கு அதிகாரம் இல்லை. தினமும் சொன்னேன். தமயந்தியையும் சொல்ல வைத்தேன். டாக்டரம்மா கூப்பிட்டுத் திட்டினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பு ரூமுக்குப் பின்னால் போய்க் கட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு ஆடப் போய்விடுவார்.

பங்குனியில் எண் பதிமூன்று ஆனது. ஆனால் அதற்குள் பிடி இளகிய நிலையைத் தாண்டி, நிற்காத நிலைக்கு வந்துவிட்டது. அடிக்கும்போது மட்டை கைக்குள் சுழன்றது. வீட்டுக்குப் பின்னால் பந்து கூடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விழுவதை நான் பார்த்தேன். ஒருநாள் மட்டையே கையை விட்டுப் பறந்து வேலியில் மோதியது. போய் எடுத்துக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் நின்றார்.

சித்திரை கடைசி ஞாயிறு. ஊட்டிக்குப் பெயர் கொடுக்க அதுதான் கடைசி ஆட்டம். சாயந்திரம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கொளஞ்சிநாதன் வாசலில் வந்து நின்றார்.

"சார் சொல்லி வரலீங்க சிஸ்டரம்மா, நானாத்தான் வந்தன். கையில போடுற உறைக்குள்ள சைக்கிள் டியூப்பை நறுக்கித் தச்சி வச்சிக்கினு, ரெண்டு விரலையும் மட்டையோட இறுக்கிக் கட்டிக்கினே ஆடுனாரு. கருப்பு ரப்பரு, கருப்புப் பிடி, ஒருத்தருக்கும் தெரியல. கெலிச்சிட்டாரு. பலகையில பன்னெண்டுன்னு எழுதி எல்லாரும் கைதட்டுனாங்க. அப்பறம் பம்பு ரூமாண்ட உறையைக் கழட்டும்போது பாத்தன். விரலு நீலமா இருக்குது. நோவுதான்னு கேட்டா, இல்லைன்றாரு."

பாதித் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் பதிந்த இடத்தில் தோல் வெட்டுப்பட்டு, இரண்டு விரல்களும் வீங்கிக் கருநீலமாக இருந்தன. அங்கே வலி இல்லை. முழங்கையில்தான் வலி, தொடக்கூட விடவில்லை. நரம்பு முழுசாக அழன்றிருந்தது. விரல்களை நீட்டச் சொன்னேன். அவர் நீட்டிக்கொண்டுதான் இருந்தார். விரல்கள் உள்ளே மடங்கியே நின்றன. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

விரல்கள் அழுகாமல் தப்பித்தன. ஆனால் நீளவில்லை. பின்னால் நல்ல மருந்துகள் வந்து நோய் அவரை முழுதாக விட்டுப் போயிற்று. ரிடையர் ஆகும்வரை வேலை பார்த்தார், பெண்ணைக் கட்டிக் கொடுத்தார், டவுன்ஷிப்பை விட்டுப் பண்ருட்டியில் வீடு எடுத்துக்கொண்டு போனார். மடங்கிய அந்த இரண்டு விரல்களைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டே நடப்பார். மட்டையை மறுபடி தொடவில்லை. போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். தமயந்தி எனக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள். நான் போய்க் குளிப்பாட்ட உதவியபோது அந்தக் கையைப் பிடித்தேன். விரல்கள் நான் கட்டிவிட்ட வளைவிலேயே இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த காலையைச் சொல்லி முடிக்கிறேன்.

விடிந்ததும் பிளாஸ்டர் போட ஏற்பாடு செய்தேன். காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பிளாஸ்டர் பட்டியை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தேன். இந்த மாதிரிக் கைக்கு விரல்களை எந்த வளைவில் வைத்துக் கட்ட வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் விரல்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தபோது அவர் என் மணிக்கட்டைத் தொட்டார்.

"எப்படியும் மடங்கியே நிக்கப்போற கைதானே சிஸ்டர். மட்டை பிடிக்கிற மாதிரி வச்சுக் கட்டிடுங்களேன்."

"மாட்டேன் சார். நீங்க வேட்டி கட்டணும், பட்டன் போடணும், டம்ளர் எடுக்கணும். அதுக்குத்தான் கட்டுவேன்."

அவர் வற்புறுத்தவில்லை. நான் சுற்றி முடிக்கும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்தார்.

பிளாஸ்டர் காய்வதற்குள் சோமசுந்தரம் வந்துவிட்டார். சுளுக்கு அதிகமாகிவிட்டது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஊட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் சரியாகிவிடும், பெயரைக் கொடுத்தாகிவிட்டது என்று வாய் நிறையப் பேசினார். சிங்காரவேலு அவரைப் பேசவிட்டுவிட்டு, கையுறைக்குள் தைத்த ரப்பரைப் பற்றிச் சொன்னார். கையை மட்டையோடு கட்டி ஆடுவது விதிக்கு விரோதமாம். அதை எனக்கு விளக்கியது சோமசுந்தரத்தின் முகம்தான்.

"நான் ஒண்ணும் பாக்கலைப்பா" என்றார் சோமசுந்தரம்.

"நான் பாத்தேனே. அந்த கார்டைக் கிழிச்சிடுங்க. பதிமூணுன்னு எழுதுங்க."

"ஏன்யா கட்டினே? கை அவ்வளவு மோசம்னா சொல்லியிருக்கலாமில்ல?"

சிங்காரவேலு என்னைப் பார்த்தார். அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் பாடு. அவர் சொன்னார், நோயின் பெயரைச் சொல்லியே சொன்னார். சோமசுந்தரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார், முன்னைவிட ஒரு சாண் தள்ளி.

"பதிமூணும் என்னுது இல்லையோன்னு ஒரு சந்தேகம்" என்றார் சிங்காரவேலு. "ஆனா அது இருக்கட்டும். அதுல கட்டி ஆடல."

சோமசுந்தரம் ஸ்கூட்டரில் நேரே கிளப்புக்குப் போய், ஈரத் துணியால் எண்ணை அழித்துப் பதிமூன்று எழுதினார். பட்டியலில் பெயரை எடுத்துவிட்டு வேறு ஒருவர் பெயரைப் போட்டார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. கொளஞ்சிநாதன் அங்கே சாக்கை நனைத்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

தமயந்தி இட்லி கொண்டுவந்தாள். சிங்காரவேலு இரண்டு சாப்பிட்டார். நான் பிளாஸ்டர் கட்டிய கையைத் தலையணையில் உயர்த்தி வைத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனேன்.